புரட்டாசி மாசத்து வாக்கிங்

அப்பா ரொம்ப நேரமா மொட்டை மாடியில இருக்கார். கொடியில காயற ஒரே ஒரு துண்டை எடுத்து மடிக்கிறதும், உதறி மறுபடி காயப் போடறதுமா பொழுது போகுது. கீழ இறங்கி வர தைரியம் இல்லை. எங்க நாய் செவலையும் அவர் காலடியிலேயே படுத்திருக்கு. அதுக்கும் கீழ வர தைரியம் இல்லைன்னுதான் நினைக்கிறேன். காட்டிக் கொடுத்ததே அதுதான்.

செவலை எங்க வீட்டுக்கு வந்த கதையை முதல்ல சொல்லிடறேன். பெங்களூர்லேர்ந்து அண்ணன் வீடியோ கால்ல "கோக்கோ"ன்னு பேர் வச்சான். தடுப்பூசி அட்டையிலயும் கோக்கோதான். அதைத் தவிர உலகத்துல வேற யாரும் அப்படிக் கூப்பிடலை. அப்பா நிறத்தைப் பார்த்து செவலைன்னார், அம்மா "ஏ பொண்ணே"ங்கிறாங்க. கையில ஏதாவது இருந்தா எல்லாப் பேருக்கும் திரும்பிப் பார்க்கும், இல்லைன்னா எந்தப் பேருக்கும் பார்க்காது.

2024 டிசம்பர்ல, பெஞ்சல் புயல் முடிஞ்ச கையோட சாத்தனூர் அணையைத் திறந்து பெண்ணையாத்துல வெள்ளம் வந்துச்சே, அப்போ எங்கேயோ மேட்டுல நின்னுட்டிருந்ததைக் காப்பகத்துக்காரங்க தூக்கிட்டு வந்தாங்களாம். கருத்தடை பண்ணி, காதுல அதுக்கு அடையாளமா சின்னதா ஒரு வெட்டு. ஆவணியில நாங்க போய்க் கூட்டிட்டு வர்ற வரைக்கும் காப்பகத்துலதான் இருந்தது. "முதல் மூணு நாள் மிரளும், மூணு வாரத்துல வீட்டுப் பழக்கம் பிடிபடும், மூணு மாசம் ஆனாதான் இது நம்ம வீடுன்னு அதுக்கே தோணும்"னு சொல்லி அனுப்பினாங்க. அம்மா அதைக் கேட்டுட்டு, "நான் இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆவுது, எனக்கு இன்னும் முதல் மூணு நாளே முடியல"ன்னாங்க. அப்பா கேக்காத மாதிரி ஸ்கூட்டர்ல ஏறிட்டார். அன்னிக்கே நான் உஷாராகியிருக்கலாம்.

வந்த புதுசுல கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும். தட்டுல வச்சா சாப்பிடாது. நடுராத்திரி நாம தூங்கிட்டோம்னு உறுதியானப்புறம் நக்கற சத்தம் மட்டும் கேக்கும். துடைப்பத்தைப் பார்த்தா அப்படியே சுவரோட சுவரா ஒட்டிக்கும். யார் அடிச்சாங்களோ, எங்க அடிச்சாங்களோ. அம்மாவுக்கு நாயே ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். ஆனா அந்த முதல் வாரத்துலேர்ந்தே பெருக்கிட்டு வரும்போது செவலை இருக்கிற இடத்தைத் தாண்டணும்னா துடைப்பத்தை முந்தானைக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போறாங்க. கேட்டா "குப்பை ஒட்டியிருக்கு, அதான்"னு பதில். குப்பையை யார் முந்தானையில மறைப்பாங்க?

பயிற்சி என் இலாகா. யூடியூப்ல இருக்கிற அத்தனை நாய் வாத்தியாரையும் பார்த்து முடிச்சிருக்கேன். எல்லாரும் சொல்றது ஒண்ணுதான். அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது, சரியா செஞ்ச அந்த நொடியே தீனி தரணும். அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கொடுத்தா எதுக்குக் கொடுக்கிறோம்னே அதுக்குப் புரியாது. இப்படித்தான் வெளிய போகணும்னா வாசக் கதவுல தொங்கற மணியை மூக்கால இடிக்கப் பழக்கினேன். அருமையாப் பழகிச்சு. பிரச்சனை என்னன்னா, மணி அடிச்சா யாருக்கோ அவசரம்னு அதோட மண்டையில பதிஞ்சு போச்சு. இப்போ தினம் காலையில அம்மா கற்பூரம் காட்டி மணி அடிக்கும்போது, செவலை பூஜை ரூம் வாசல்ல வந்து நின்னு, கவலையோட அம்மா மூஞ்சியைப் பார்த்து, முந்தானையைப் பல் படாம கவ்வி வாசல் பக்கம் இழுக்குது. பாவம், அம்மாவுக்கு முட்டிட்டு நிக்குதுன்னு அதுக்கு நினைப்பு. அப்பா ஒரு நாள் போய் கதவையே திறந்து விட்டுட்டார். தீபாராதனை தட்டோட அம்மா முறைச்ச முறைப்புல கற்பூரம் தானா அணைஞ்சிருக்கணும்.

அடுத்தது நடைப்பயிற்சி. வார் இழுபட்டா அந்த இடத்துலேயே நின்னுடணும், தளர்ந்தா மட்டும்தான் அடுத்த அடி. அதாவது இழுத்தா ஊர் போய்ச் சேர முடியாதுன்னு நாய்க்குப் புரியணும். புரிஞ்சது எனக்குத்தான். புதுப்பாளையம் தெருமுனை தாண்டறதுக்குள்ள எதிர்வீட்டு டீச்சரம்மா கடைக்குப் போய்ட்டுத் திரும்பி வந்துட்டாங்க. "இன்னும் இங்கதான் நிக்கிறியாடி, யாராவது வரணுமா?"ன்னு கேட்டுட்டு, கூடவே கொஞ்ச நேரம் நின்னு அவங்க மருமக விஷயத்தையும் சொல்லிட்டுப் போனாங்க. அதை இங்க எழுத முடியாது.

இதுவரைக்கும் உப்புப் போடாம வேகவச்ச கோழித் துண்டுதான் தீனி. எல்லாம் ஒரு மாதிரி போய்ட்டிருந்துச்சு. அப்போதான் புரட்டாசி பொறந்தது.

அம்மாவுக்குப் புரட்டாசின்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்லை. திருவந்திபுரம் தேவநாதசாமிதான் குலதெய்வம், கல்யாணம் நடந்ததும் அங்கதான், அண்ணனுக்கும் எனக்கும் மொட்டை போட்டதும் அங்கதான். புரட்டாசி சனிக்கிழமை அந்தக் கூட்டத்துல நின்னு சாமி பார்த்துட்டு, மலை மேல ஹயக்ரீவரையும் பார்த்துட்டு வந்தாதான் அம்மாவுக்குச் சோறு இறங்கும். மாசம் முழுக்க வீட்டுல மீன், கறி எதுவும் நுழையக் கூடாது. முட்டையும் சேர்த்துத்தான். மீன் வறுக்கிற தோசைக்கல்லு கூட புளி போட்டுத் தேய்ச்சு, பேப்பர் சுத்தி, பரண்ல ஏறிடும். "நாய்க்கு மட்டுமாவது..."ன்னு ஆரம்பிச்சேன். "அதுவும் இந்த வீட்டுச் சோறுதானே சாப்பிடுது"ன்னு முடிச்சுட்டாங்க.

கோழிக்குப் பதிலா கேரட். உக்காருன்னு சொல்லி கேரட்டை நீட்டினா செவலை அதை மோந்து பார்க்கும், அப்புறம் என்னைப் பார்க்கும். சம்பளம் பாதியானா நாம மேனேஜரைப் பார்ப்போமே, அந்தப் பார்வை. உக்காராது. பனீர் வாங்கிப் பார்த்தேன். ரெண்டு நாள் உக்காந்தது, மூணாம் நாள் அதுவும் போச்சு.

அப்பா நிலைமையையும் சொல்லணும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துலேயே துறைமுகத்துல கட்டுமரத்து மீனாவது கிடைக்குமான்னு கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) வரைக்கும் ஸ்கூட்டர்ல போய்ப் பார்த்துட்டு வர்ற ஆள். அரசாங்கம் போட்ட தடையையே தாங்க மாட்டார். அம்மா போடற தடைக்கு மட்டும் வருஷா வருஷம் வாயைத் திறக்காம அடங்கிப் போவார். இந்த வருஷமும் அடங்கித்தான் போனார். போதாததுக்கு, "வெயில்ல நீ ஏன் கஷ்டப்படற, சாயங்காலம் நாயை நான் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்"னார். பால் வாங்க தெருமுனைக்குப் போகவே முட்டி வலிங்கிற மனுஷன். நாங்க ரெண்டு பேரும் உருகிட்டோம். அம்மா அவருக்குப் புது செருப்பு வாங்கிக் கொடுத்தாங்க.

தினம் அஞ்சு மணிக்குக் கிளம்பி தேவனாம்பட்டினம் போய்ட்டு, ஏழு மணிக்கு மேல வருவாங்க. வந்ததும் அப்பா நேரா பின்பக்கக் குழாய்க்குப் போவார். "பீச் மணல், காலெல்லாம் ஒட்டிக்குது"ன்னு கால் அலம்புவார். மணல் வாயிலயும் ஒட்டுமோ என்னமோ, அரை செம்பு தண்ணியில கொப்பளிப்பார். அப்புறம் ஒரு கை சோம்பு. ராத்திரி தட்டுல கோவக்காய் பொரியலைப் போட்டா ஒரு வார்த்தை சொல்லாம சாப்பிடுவார். புரட்டாசியில இப்படி ஒரு சாந்தம் அவர் மூஞ்சியில நான் பார்த்ததே இல்லை.

செவலை வாயிலேர்ந்து மட்டும் மீன் வாடை வந்துச்சு. அம்மா கண்டுபிடிச்சாங்க, ஆனா தப்பாக் கண்டுபிடிச்சாங்க. "அதைக் குப்பையில மேய விடறீங்களா? கரையில செத்த மீன் எதையாவது தின்னுட்டு வருது"ன்னு சத்தம் போட்டாங்க. அப்பா தலையைக் குனிஞ்சுட்டே "நாளைலேர்ந்து பார்த்துக்கறேன்"னார். அம்மா மூக்கைப் பொத்திட்டு நாய்க்கு ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினாங்க. நாய் ஆகாதவங்க!

நேத்து அப்பா சிநேகிதர் வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்குச் சிதம்பரம் போய்ட்டார். அஞ்சு மணி ஆனதும் செவலை மணியை இடிக்க ஆரம்பிச்சுது. இடிச்சுது, இடிச்சுது, நான் ஆபீஸ் மீட்டிங்ல மைக்கை அணைக்க மறந்து அந்தப் பக்கம் யாரோ "கோயில்ல இருக்கீங்களா?"ன்னு கேக்கற வரைக்கும் இடிச்சுது. மூணாம் சனிக்கிழமை, அம்மா காலையிலேயே திருவந்திபுரம் போய்ட்டு வந்து நெத்தியில திருச்சூர்ணம் அழியாம இருந்தாங்க. "வா, நானும் காத்தாட வரேன்"னு கிளம்பிட்டாங்க.

பீச் ரோட்டுல இறங்கினதும் எனக்கு ஆச்சரியம். வார் ஒரு தடவை கூட இழுபடலை. கம்பத்துக்குக் கம்பம் நிக்கற நாய், நேத்து ஒரு கம்பத்தையும் திரும்பிப் பார்க்கலை. சுண்டல் காரரைத் தாண்டி, மிளகாய் பஜ்ஜியைத் தாண்டி, பலூன் சுடற பசங்களைத் தாண்டி, நேரா ஒரு வறுத்த மீன் தள்ளுவண்டி முன்னாடி போய் நின்னுது. நான் வாயைத் திறக்கலை, அதுவா உக்காந்தது. முன்னங்கால் ரெண்டையும் சேர்த்து வச்சு, வாலைச் சுருட்டி, வீடியோவுல காட்டுவாங்களே, அதைவிட அழகா. தட்டுல சங்கரா கண்ணு முன்னாடி இருக்கு, தாவலை, குரைக்கலை. நான் வாரக்கணக்கா தொண்டை கிழியக் கத்தியும் வராத உக்காரு, இரு எல்லாம் மொத்தமா வந்துச்சு. எனக்கு வந்த பொறாமையை இங்க விட்டுடறேன்.

"இன்னாடா, இன்னிக்கி வேற ஆளோட வந்துருக்க?"ன்னு கடைக்காரர் குனிஞ்சு கேட்டார். அப்புறம் எங்களைப் பார்த்து, "சார் வர்லீங்களா?" கேட்டுட்டே கல்லோட ஓரத்துல மசாலா தடவாத ஒரு துண்டைப் போட்டுட்டார். "இதுக்கு வெறும் துண்டு. சாருக்கு ரெண்டு வஞ்சிரம், பார்சல் கட்டிறவா?"

அம்மா என்னைப் பார்க்கலை. கடைக்காரர்கிட்ட ரொம்ப மெதுவா, "தினம் வருவாரா?"ன்னாங்க.

"பொரட்டாசிம்மா, ஏவாரமே படுத்துருச்சு. இந்த மாசம் நம்பி அடுப்புப் பத்த வைக்கிறதே சாருக்காகத்தான்."

அப்பவும் அம்மா மூஞ்சி மாறலை. நான் சத்தியமா சொல்றேன், நெத்தியில திருச்சூர்ணத்தோட அப்படியே நின்னாங்க. அந்த ஆள் அதோட நிறுத்தியிருக்கலாம். "தங்கமான மனுசன். டாக்டர் சொன்னாராம், வெந்த முள்ளு நாய்க்குத் தொண்டையில மாட்டிக்கும்னு. இந்தக் கல்லு மேல குந்திகினு ஒவ்வொரு முள்ளா எடுத்து, ஊதி ஊதி ஆற வச்சு ஊட்டுவாரு. அது துன்ன பொறவுதான் அவரு வாயில வைப்பாரு"ன்னார்.

இதுலதான் மாறிச்சு.

ராத்திரி அப்பா சிதம்பரத்துலேர்ந்து கொத்சும் கையுமா வந்தார். அம்மா தட்டு வச்சாங்க, சாதம் போட்டாங்க, சாம்பார் ஊத்தினாங்க. புரட்டாசி பத்தி ஒரு பேச்சு இல்லை, பெருமாள் பத்தி ஒரு பேச்சு இல்லை.

"உங்களுக்கு முள்ளு எடுக்கத் தெரியுமா?"

அப்பா செவலையைப் பார்த்தார். செவலை மின்விசிறியைப் பார்த்தது.

"இல்ல, கேக்கறேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து முள்ளு எடுக்கத் தெரியாது, கண்ணு தெரியல, தொண்டையில மாட்டிக்கும்னு சொல்லி, மத்தி மீனைக் கூட நான் ஆய்ஞ்சு ஆய்ஞ்சுதானே தட்டுல போடறேன்? என் சோறு ஆறிப் போனப்புறம்தானே நான் சாப்பிடறேன்? நாய்க்கு மட்டும் எப்படிக் கண்ணு தெரியுது?"

அப்பா கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைஞ்சார். அப்புறம் வாழ்நாள்ல சொல்லியிருக்கவே கூடாத ஒண்ணைச் சொன்னார்: "அது பாவம், காப்பகத்துலேர்ந்து வந்தது."

"நான் நெல்லிக்குப்பத்துலேர்ந்து வந்தேன்"னு சொல்லிட்டு அம்மா உள்ள போய்ட்டாங்க.

அதுலேர்ந்துதான் மொட்டை மாடி வாசம். நடுவுல ஒரு தடவை நான் மேல போய், பெருமாள்கிட்டயாவது மன்னிப்புக் கேட்டீங்களான்னு கேட்டேன். "அவர்கிட்ட எப்பவோ பேசி முடிச்சுட்டேன், உங்கம்மாகிட்டதான் வழி தெரியல"ன்னார். இத்தனைக்கும் நடுவுல காலையில அம்மா பெருக்கும்போது துடைப்பம் முந்தானைக்குள்ளதான் இருந்தது, செவலை மேல இருந்தா கூட.

இப்போ இதை எழுதிட்டிருக்கும்போது அம்மா ஹால்ல உக்காந்து மீன்காரம்மாவுக்குப் போன் போட்டுட்டிருக்காங்க, மாடிக்குக் கேக்கற மாதிரி சத்தமா. ஐப்பசி பொறந்த முதல் ஞாயித்துக்கிழமைக்கு இப்பவே ஆர்டர்.

"முள்ளுவாளை. ஆமா, முள்ளுவாளைதான். ரெண்டு கிலோ."

அந்தப் பக்கம் ஏதோ சொல்றாங்க.

"தெரியும்டி, முள்ளு ஜாஸ்திதான். எடுக்க ஆள் இருக்கு."