முதல் ஐந்து பேரில் இல்லாவிட்டால் என்ன?

கூடைப்பந்தில் நட்சத்திர ஆட்டக்காரரை முதல் ஐந்து பேரில் இறக்காமல் பெஞ்சில் உட்காரவைத்தால் அவமானம் என்று பலர் கொதிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. காரணம், மனு ஜினோபிலி.

அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் ஆடும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் ஆட்டங்களை நான் பார்த்ததே அவருக்காகத்தான். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்கள் ஓடியிருக்கும். அப்போதுதான் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு எழுந்து வருவார். வலப்பக்கம் ஒரு எட்டு, இடப்பக்கம் ஒரு எட்டு, அவ்வளவுதான், இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே புகுந்து போயிருப்பார். 2007-08 சீசனில் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்தே சராசரியாக 19.5 புள்ளிகள் எடுத்தார். பெஞ்சிலிருந்து வருபவர்களில் சிறந்தவருக்குத் தரும் 'சிறந்த ஆறாவது ஆட்டக்காரர்' விருதும் அவருக்கே. ஆட்டம் இழுபறியாக இருந்தால் கடைசி நிமிடங்களில் களத்தில் நின்றவரும் அவர்தான். நான் பார்ப்பது அதைத்தான்.

2015 என்.பி.ஏ. இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் ஆண்ட்ரே இகுவோடாலா முதல் மூன்று ஆட்டங்களைப் பெஞ்சிலிருந்துதான் தொடங்கினார். கடைசியில் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவரே.

சரி, எல்லோருக்கும் இது பொருந்துமா? உடம்பு சூடேற நேரம் எடுப்பவர்களுக்குக் கஷ்டம்தான். அப்புறம், சொல்லும் விதமும் முக்கியம். கல்லூரி அணியில் என்னை உட்காரவைத்தபோது யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு நிமிர்ந்தால், வேறொருவன் என் இடத்தில் நிற்கிறான். முந்தைய நாளே கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் மனதார உட்கார்ந்திருப்பேன்.