தேன் சுருண்டு விழ வேண்டுமா? டொமைனைச் சுருக்குங்கள்

அனிமேஷன் படிக்கிறவர்கள் புராஜெக்டுக்குக் கடல் அலையை விட்டுவிட்டு தேன், வெல்லப்பாகு, தோசை மாவு என்று எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நுரை கிடையாது, தெறிப்பு கிடையாது, ஷாட்டும் சின்னது. ஆனால் பலர் விஸ்காசிட்டியை, அதாவது பாகுத்தன்மையை, ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் ரப்பர் கயிறு மாதிரி ஒன்றை ரெண்டர் செய்து கொடுக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அந்த எண்ணில் இல்லை, திரவக் கணக்கு நடக்கும் எல்லையான டொமைன் பெட்டியின் அளவில் இருக்கிறது.

பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளில் ரெசல்யூஷன் என்பது பெட்டியின் நீளமான பக்கத்தை எத்தனை துண்டாக்குவது என்ற கணக்கு. மேசை முழுவதையும் சேர்த்து 1 மீட்டர் பெட்டி போட்டு 128 கொடுத்தால் ஒரு வாக்ஸல், அதாவது ஒரு கனசதுர அறை, கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். ஸ்பூனிலிருந்து இறங்கும் தேன் தாரையின் தடிமனே அவ்வளவுதான். ஒரே ஒரு வாக்ஸல் அகலத் தாரை வளையவும் தெரியாமல் சுருளவும் தெரியாமல் துண்டு துண்டாக அறுந்து விழும். தாரைக்குக் குறுக்கே 5 வாக்ஸலாவது வேண்டும். 10 × 10 × 20 சென்டிமீட்டர் பெட்டிக்குள் ஸ்பூன் நுனியையும் தட்டையும் மட்டும் அடக்கி, அதே 128 கொடுங்கள், வாக்ஸல் 1.6 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும், மொத்தம் 5 லட்சத்துச் சொச்சம் அறைகள்தான். 256-க்குப் போனால் அறைகள் 8 மடங்கு. நேரப் படிகளும் கூடுவதால் பேக் நேரம் (சிமுலேஷனைக் கணக்கிட்டுச் சேமிக்கும் நேரம்) அதற்கும் மேலே போகும். அதனால் முதலில் பெட்டியைக் குறையுங்கள், ரெசல்யூஷன் அப்புறம்.

அடுத்தது சால்வர், அதாவது திரவத்தின் நகர்வைக் கணக்கிடும் நிரல். 2 மில்லிமீட்டர் வாக்ஸலில், தேனின் பாகுத்தன்மையை எக்ஸ்பிளிசிட் முறையில், அதாவது இப்போதைய நிலையிலிருந்தே அடுத்த நிலையை நேரடியாகக் கணக்கிட்டால், கணக்கு வெடிக்காமல் இருக்க ஒரு பிரேமுக்கு 400-க்கும் மேற்பட்ட படிகள் வேண்டும். இதனால்தான் எல்லோரும், அடுத்த நிலையைச் சமன்பாடுகளாகத் தீர்த்துக் கண்டுபிடிக்கும் இம்ப்ளிசிட் முறைக்குப் போகிறார்கள். அதிலும் வேகத்தின் மூன்று கூறுகளையும் தனித்தனியாக மென்மையாக்கும் குறுக்குவழி உண்டு. அது திரவத்தின் மேற்பரப்பில் சுழற்சியைத் தடுத்துவிடும், சுருள் வராது. இதைச் சரிசெய்து தேன் சுருள்வதைக் காட்டியது 2008-இல் கிறிஸ்டோபர் பேட்டியும் ராபர்ட் பிரிட்சனும் எழுதிய ஆய்வுக் கட்டுரை. கெட்டித் திரவத்துக்கான தனி விஸ்காசிட்டி சால்வர் பிளெண்டருக்கு 2021-இல், 2.92 பதிப்பில் வந்தது. டொமைனில் 'விஸ்காசிட்டி' பெட்டியை டிக் செய்தால்தான் அது ஓடும். அதன் 'ஸ்ட்ரெங்த்' ஆய்வக எண் இல்லை, 0.05-இல் தொடங்கிக் கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டியது.

'டிஃப்யூஷன்' பகுதி வேறு. அங்கே பேஸ், எக்ஸ்போனென்ட் என்று இரண்டு எண்கள்: தண்ணீருக்கு 1, 6; தேனுக்கு 2, 3. எக்ஸ்போனென்ட் 10-இன் மைனஸ் அடுக்கு என்பதால் அது சிறியதாக ஆக ஆகத் திரவம் கெட்டியாகும். தலைகீழாகப் புரிந்துகொண்டு 8 போட்டுவிட்டு "கெட்டியாகவே மாட்டேங்குது" என்பது வழக்கமான புலம்பல். இங்கே கேட்பது கைனமாடிக் விஸ்காசிட்டி. இணையத்தில் கிடைக்கும் பாஸ்கல்-செகண்ட் எண்ணை அடர்த்தியால் வகுத்த பிறகுதான் போட வேண்டும்: தேன் 10 என்றால் 1400-ஆல் வகுத்து 0.007. அட்டவணைகள் பெரும்பாலும் 20, 25 டிகிரிக்கானவை. மே மாதத்துச் சென்னைச் சமையலறையில் அதே தேன் இன்னும் இளகித்தான் ஓடும்.

ஆகவே அட்டவணையைவிட போன்தான் நம்பகமான துணை. ஸ்லோமோஷனில் ஒரு ஸ்பூன் ஊற்றிப் படம்பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தடையில்லாமல் விழ 0.2 விநாடி, அதாவது 24 பிரேம் கணக்கில் 5 பிரேம். தேன் கொஞ்சம் தாமதிக்கலாம், 15 பிரேம் எடுத்தால் அது 2 மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து கொட்டுவது போலத் தெரியும். டைம் ஸ்கேலில் திருத்துங்கள்.

தட்டு ஒழுகினால் தட்டின் தடிமனைப் பாருங்கள். எஃபெக்டர் (திரவம் மோதும் பொருள், இங்கே தட்டு) இரண்டு வாக்ஸலுக்கும் மெல்லியதாக இருந்தால் திரவம் ஊடுருவிவிடும். 'சர்ஃபேஸ் திக்னஸ்' கொஞ்சம் ஏற்றலாம், அல்லது சிமுலேஷனுக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியாத தடித்த தட்டு ஒன்று வைக்கலாம், அதுதான் சுத்தம். ஸ்கேலை அப்ளை செய்ய மறக்க வேண்டாம்.

பேக் செய்ததைச் சேமிக்கும் கேஷின் வகையை 'மாடுலர்' ஆக்கினால் டேட்டாவை ஒரு தடவை பேக் செய்துவிட்டு மெஷ்ஷை (திரவத்தின் மேற்பரப்பு வலையை) மட்டும் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்க்கலாம். விட்ட இடத்திலிருந்து தொடர 'ரெஸ்யூமபிள்' டிக் கட்டாயம். ராத்திரி பேக் போட்டுத் தூங்கும்போதுதான் கரண்ட் போகும். கேஷ் போல்டர் டெம்ப்பில் இருந்தால் எல்லாம் காணாமல் போகலாம், ஃபைலை முதலில் சேவ் செய்து அதன் பக்கத்திலேயே வையுங்கள்.

தோசை மாவு வேறு ரகம். கரண்டியால் கலக்கும்போது இளகும், விட்டால் குவிந்து நிற்கும். பிளெண்டரில் டொமைன் முழுவதற்கும் ஒரே விஸ்காசிட்டி என்பதால் ஊற்றும் ஷாட்டுக்கு ஒன்று, கல்லில் தேய்க்கும் ஷாட்டுக்கு இன்னொன்று என்று தனித்தனியாக பேக் செய்வதே எளிது. ஹூடினி என்ற இன்னொரு மென்பொருளில் ஒவ்வொரு துகளுக்கும் விஸ்காசிட்டி அட்ரிப்யூட் தரலாம். பாகு ஆற ஆற இறுகுவதைக் காட்ட வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். இலவச அப்ரெண்டிஸ் பதிப்பே பழகப் போதும், ஆனால் வாட்டர்மார்க் விழும்.

ரெண்டரில் தேனுக்கு ஐ.ஓ.ஆர். (ஒளிவிலகல் எண்) 1.49, நிறம் மேற்பரப்பில் இல்லாமல் வால்யூம் அப்சார்ப்ஷனில் (உள்ளே ஒளி உறிஞ்சப்படுவதில்). கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினால் திரவ மெஷ் கண்ணாடிக்குள் துளி நுழைந்திருக்க வேண்டும், நடுவில் இடைவெளி விழுந்தால் வெள்ளி போல மின்னும்.