சி.எஸ்.சி.எஸ். பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு: முதலில் சீசனைப் பாருங்கள்

விளையாட்டு வீரர்களுக்குப் பலமும் உடற்தகுதியும் பயிற்றுவிப்பவர்களுக்கான அமெரிக்கச் சான்றிதழ்தான் சி.எஸ்.சி.எஸ். அந்தப் பரீட்சையின் விஞ்ஞானம், செயல்முறை என்ற இரண்டு பகுதிகளிலும் சித்தியடைந்துவிட்டேன். இந்தக் கிழமைதான் நிம்மதியாகத் தூங்குகிறேன். கொழும்பில் வேலையும் பார்த்துக்கொண்டு இதற்குப் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர், எப்படிப் படித்தீர்கள் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆறிப்போவதற்குள் எழுதிவிடுகிறேன். பதிவு, கட்டணம், பட்டச் சான்று எல்லாம் உங்களுக்குத் தெரிந்த சங்கதி. அதற்குள் நான் அதிகம் போகவில்லை.

என்னைக் கரைசேர்த்தது ஒரே ஒரு பழக்கம். செயல்முறைப் பகுதியில் எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் சீசனைத் தேடுங்கள். அந்த வீரர் போட்டிக் காலத்தில் இருக்கிறாரா, அதற்கு முந்திய தயாரிப்பில் இருக்கிறாரா, போட்டியே இல்லாத மாதங்களில் இருக்கிறாரா? அடுத்தது, பாரம் தூக்கிப் பழகி எவ்வளவு காலம்? இவை இரண்டும் தெரிந்த பிறகுதான் நிறை, தடவை, செட், ஓய்வு எல்லாம்.

உண்மையான கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது. ஆகவே இது நானே அமைத்த கேள்வி. 17 வயது வலைப்பந்து வீராங்கனை. மூன்று மாதமாக ஒழுங்காகப் பாரம் தூக்குகிறாள். சனிக்கிழமைதோறும் போட்டி. கிழமைக்கு எத்தனை நாள் பாரப் பயிற்சி? மூன்று மாதம் பழகியவளை இடைநிலை என்று வகைப்படுத்துவோம், இடைநிலைக்கு 3 முதல் 4 நாள். அட்டவணையை மனப்பாடம் செய்தவர் 4 என்று அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ஆனால் இது போட்டிக் காலம். போட்டிக் காலத்தில் 1 முதல் 3 நாள்தான். இரண்டு நாள் என்ற விடை இருந்தால் அதுதான் சரி. அவளுடைய உடல் ஏற்கெனவே பயிற்சிக்கும் போட்டிக்கும் செலவாகிக்கொண்டிருக்கிறது. இந்த மாதங்களில் நம் வேலை, சேர்த்த பலம் குறையாமல் பார்த்துக்கொள்வது.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பாடசாலை மைதானங்களில் சீசன் என்பது போட்டி அட்டவணையில் மட்டும்தான் இருக்கிறது, பயிற்சியில் இல்லை. நான் உதவிக்குப் போய்வந்த ஒரு மைதானத்தில், போட்டிக்கு முதல் நாள் பின்னேரமும் பிள்ளைகளைப் படிக்கட்டில் ஏற்றி இறக்கினார்கள். மறுநாள் அவர்கள் கால் எழும்பாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, “மனவலிமை போதாது” என்று ஏச்சு வேறு. அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே 1936இல் அழுத்தத்துக்கு உடல் எப்படி ஈடுகொடுக்கிறது என்று எழுதத் தொடங்கியதுதான் இந்தப் பாடத்தின் வேர்: முதலில் அதிர்ச்சி, பிறகு தாக்குப்பிடித்தல், சுமை ஓயாவிட்டால் களைத்துச் சரிதல். பெருவட்டம், இடைவட்டம், சிறுவட்டம் என்று பயிற்சி ஆண்டை நீண்ட, நடுத்தர, குறுகிய காலங்களாகப் பிரிப்பதெல்லாம் அந்த மூன்றாவது கட்டத்துக்குப் போய்விடாமல் இருக்கத்தான். இதை விளங்கிக்கொண்டால் அந்த அத்தியாயத்தில் மனப்பாடம் பாதியாகக் குறைந்துவிடும்.

சுமையை எப்போது கூட்டுவது என்பதற்கு ‘இரண்டுக்கு இரண்டு’ விதி. கடைசிச் செட்டில் குறித்ததைவிட இரண்டு தடவை கூடுதலாகத் தூக்க முடிகிறது, அடுத்தடுத்த இரண்டு பயிற்சிகளிலும் அப்படியே முடிகிறது என்றால் நிறையைக் கூட்டலாம். ஒரு நாள் நன்றாகத் தூக்கினான் என்று உடனே கூட்டும் விடைகளை நம்பாதீர்கள்.

விஞ்ஞானப் பகுதியில் எல்லோரும் சறுக்கும் இடம் சக்தித் தொகுதிகள், அதாவது தசைக்குச் சக்தி கிடைக்கும் வழிகள். நான் நம் ஆட்களை வைத்துப் படித்தேன். வேகப்பந்து வீச்சாளரின் ஓட்டமும் வீச்சும் 6 வினாடிக்குள் முடிந்துவிடும்: பொஸ்பஜன் தொகுதி (தசையில் தயாராக இருக்கும் சக்தி). யுபுன் அபேகோன் 2022இல் 100 மீற்றரை ஓடிய 9.96 வினாடியும், சுசந்திகா சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரை ஓடிய 22.28 வினாடியும் 6 முதல் 30 வினாடிக்குள் வருகின்றன: பொஸ்பஜனும் வேகக் கிளைகோலிசிஸும் (மாவுச்சத்தை விரைவாக உடைத்துச் சக்தி எடுப்பது) சேர்ந்து. டங்கன் வைட் 1948 லண்டனில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்ற 51.8 வினாடி 30 வினாடியைத் தாண்டிவிட்டது: அங்கே வேகக் கிளைகோலிசிஸின் ஆட்சி. 3 நிமிடத்துக்கு மேல் ஒட்சிசன் தொகுதி. எந்தத் தொகுதியும் தனியாக வேலை செய்வதில்லை, எது மேலோங்கி நிற்கிறது என்பதுதான் கேள்வி. இந்த மூன்று தொகுதிகளும் மண்டையில் இருந்தால் வேலை–ஓய்வு விகிதமும் (வேலை செய்த நேரத்துக்கு எத்தனை மடங்கு ஓய்வு என்பது) தானாக வரும். பொஸ்பஜனுக்கு 1:12 முதல் 1:20, ஒட்சிசனுக்கு 1:1 முதல் 1:3.

கண்ணை மூடிக்கொண்டு பாடமாக்க வேண்டியவை:

– பலத்துக்கு 1 ஆர்.எம்.மில் (ஒரே ஒரு தடவை மட்டும் தூக்கக்கூடிய உச்ச நிறையில்) 85 வீதமும் அதற்கு மேலும், 6 தடவைக்கு மேல் போகாமல். தசை வளர 67–85 வீதம், 6–12 தடவை. தசைத் தாங்குதிறனுக்கு 67 வீதமும் அதற்குக் கீழும், 12 தடவையும் அதற்கு மேலும்.
– முகத்துக்கு மேல் டம்பெல் தூக்குபவருக்குக் காவல் நிற்கும்போது (பாரம் நழுவினால் தாங்கத் தயாராக நிற்கும்போது) மணிக்கட்டருகே பிடிக்க வேண்டும். நம் ஜிம்களில் முழங்கையைப் பிடிப்பார்கள், அந்தப் பழக்கத்தில் விடை எழுதாதீர்கள்.
– கிளீன், ஸ்னச் போன்ற வேகத் தூக்கல்களுக்குக் காவல் நிற்பதே இல்லை.
– பாய்ச்சல் பயிற்சியில் தொடக்கநிலை வீரருக்கு ஒரு அமர்வில் 80–100 தரைத் தொடுகை, அதாவது பாதம் தரையில் படும் தடவைகள்.
– சோதனைகளின் வரிசை: களைப்பூட்டாதவை, சுறுசுறுப்பு, உச்ச வலுவும் பலமும், விரைவோட்டம், தசைத் தாங்குதிறன், பிறகு மூச்சு வாங்கவைப்பவை. 
– ஜிம் கண்ணாடி தரையிலிருந்து குறைந்தது 20 அங்குலம் உயரத்தில். ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டக் கூடாது. வெள்ளவத்தையில் யன்னலைத் திறந்துவைத்துப் பயிற்சி கொடுப்பவர்களுக்கு இந்த எண் நம்ப முடியாததாக இருக்கும், ஆனாலும் விடை 60தான்.

அப்புறம் தொழில் எல்லை. இதை லேசாக எடுக்காதீர்கள். நம் ஊரில் பந்தும் போட்டு, டேப்பும் சுற்றி, உணவும் சொல்லி, நோ பிடித்தால் எண்ணெய் போட்டு உருவிவிடுபவர் வரை எல்லோரும் ‘ட்ரெய்னர்’தான். அமெரிக்காவில் அத்லெற்றிக் ட்ரெய்னர் என்பது தனியான சுகாதாரத் தொழில். அவர்களின் தேசியச் சங்கம் 1950இல் தொடங்கியது, அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990இல் அந்தத் தொழிலை அங்கீகரித்தது. காயத்தைத் தடுப்பது, மைதானத்திலேயே மதிப்பிடுவது, மீட்டெடுப்பது அவர்கள் வேலை. சி.எஸ்.சி.எஸ். எடுத்தவருடைய வேலை பலமும் உடற்தகுதியும். முழங்கால் வீங்கிய வீரரைப் பற்றிக் கேள்வி வந்தால், “இன்ன காயம்” என்று நீங்களே தீர்மானிக்கும் விடை பிழை. வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ அனுப்பும் விடைதான் சரி. மைதானத்தில் எல்லாவற்றையும் ஒரே ஆளாகச் சமாளித்துப் பழகிய நமக்கு அந்த விடை கையாலாகாத்தனம் போலத் தெரியும். அப்படி இல்லை. தெரிந்தவரிடம் அனுப்புவதும் உங்கள் பொறுப்பில் அடங்கும்.

உயர்தரத்தில் உயிரியலைத் தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். தசை இழை சுருங்கும்போது, நுணுக்குக்காட்டியில் அதில் தெரியும் பட்டைகளில் ஏ பட்டை நீளம் மாறாது, ஐ பட்டையும் எச் வலயமும் குறுகும். இதை வீட்டில் யாரையாவது இருத்தி வைத்துத் தமிழில் விளங்கப்படுத்துங்கள். விளங்கப்படுத்த முடிந்தால் ஆங்கிலக் கேள்வி ஒன்றும் செய்யாது. குழுவாகப் படிப்பதை நான் சொல்லமாட்டேன். விடியற்காலையில் தனியாக இருந்து படியுங்கள், பின்னேரங்களில் மைதானத்தில் நின்று பிள்ளைகளின் அசைவைப் பாருங்கள். படம், காணொளிக் கேள்விகளுக்கு அந்தக் கண்தான் உதவியது. பாதத்தில் தொடங்கி மேலே பார்த்துக்கொண்டு போனால் பிழை அகப்படும்.

நேரம்: விஞ்ஞானப் பகுதியில் 95 கேள்விக்கு ஒன்றரை மணி, செயல்முறையில் 125 கேள்விக்கு இரண்டரை மணி. ஒவ்வொன்றிலும் 15 கேள்விக்குப் புள்ளி கிடையாது, எவை என்று தெரியவும் வராது. விசித்திரமான கேள்வி வந்தால் ஒன்றைத் தெரிவுசெய்துவிட்டு நகருங்கள்.

சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவி) சான்றிதழை இணையத்தில் மட்டும் படித்து எடுத்தால் ஏற்கமாட்டார்கள், நேரில் செய்து பழகியதாக இருக்க வேண்டும். பதியும்போது பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். அப்பா பெயர் முன்னா பின்னா, முதலெழுத்தா முழுப்பெயரா என்ற குழப்பம் நமக்குத்தான் அதிகம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இதைச் சரிசெய்வதற்காகவே பரீட்சைத் திகதியைத் தள்ளிவைக்க வேண்டி வந்தது. பணம் கட்டுவதற்கு முன்பே கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள்.