காலையைக் கேட்காத வேலை

போர்டு என்கிற பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் சர்ஃபிங்குக்காகக் குமரி மாவட்டத்துக்கு ஊர் மாறலாமா, மாறினால் சோற்றுக்கு என்ன வழி என்று போனில் கேட்பவர்களிடம் நான் முதலில் ஒன்றே ஒன்றுதான் திருப்பிக் கேட்பேன். காலையில் ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை உங்களைத் தேடி யாராவது போன் செய்வார்களா? செய்வார்கள் என்றால் அந்த வேலையோடு இங்கே வராதீர்கள். சம்பளம் எவ்வளவு, எந்த கம்பெனி என்பதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

காரணம் காற்றுதான். முட்டம், கடியபட்டணம், மணவாளக்குறிச்சி, குளச்சல் பக்கம் வந்து சேரும் அலை இங்கே பிறந்தது இல்லை. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தென் இந்தியப் பெருங்கடலில் புயல்கள் கிளப்பிவிட்ட அலை நாள்கணக்கில் நகர்ந்து வந்து நம் கரையில் உடைகிறது. வருடத்தின் பெரும்பகுதி ஏதோ ஓர் அளவில் அது வந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் அது ஏறி நிற்கத்தக்க அலையா, வெறும் நுரையா என்பதைக் கரையில் வீசும் காற்று முடிவு செய்யும். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை, மழை இல்லாத நாட்களில், இரவில் நிலம் குளிர்ந்து காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். வருகிற அலையின் முகத்தில் அது எதிராகப் பட்டு அலையைத் தாங்கிப் பிடிக்க, அலை நிமிர்ந்து நின்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நிதானமாக உடையும். வெயில் ஏறி மணல் சூடானதும் காற்று திரும்பிவிடும். பத்து மணிக்கு மேல் அதே இடத்தில் போய்ப் பார்த்தால், காலையில் இருந்த கடலா இது என்று தோன்றும்.

இங்கே வேலை தேடும்போதுதான் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. இந்த மாவட்டமே விடியற்காலையில் வேலை செய்கிற மாவட்டம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் இருட்டோடு டார்ச் கட்டிக்கொண்டு போகிறார், ஏனென்றால் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். தோவாளையில் பூச்சந்தை வெளுக்கும் முன்பே சூடு பிடித்துவிடும். மீன் ஏலம் காலையில். கன்னியாகுமரி லாட்ஜ்களில் வேலை கேட்டால், அங்கே வியாபாரமே சூரிய உதயம்தான். வந்தவர்களை ஐந்து மணிக்கு எழுப்பி, டீ கொடுத்து, அவர்கள் உதயம் பார்த்துவிட்டு வருவதற்குள் இட்லி தயாராக இருக்க வேண்டும். அதிலும் நவம்பர் முதல் ஜனவரி வரை சபரிமலை சீசன், ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள், லாட்ஜில் யாருக்கும் லீவு கிடையாது. கடல் நன்றாக இருக்கும் மாதங்களும் அவைதான். கடற்கரை ஓரமாகவே வேலை கிடைத்துவிட்டது, ஜன்னலைத் திறந்தால் அலை என்று சந்தோஷப்பட்டுச் சேர்கிறவர் சீசன் முழுக்க அலையை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருப்பார்.

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை, வீடு இங்கே என்று யோசிக்கிறவர்களும் உண்டு. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் தினமும் போய் வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் அந்த ரயிலைப் பிடிக்க நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம் எது? அதே நேரம்தான். வாரத்தில் இரண்டு நாள் போனால் போதும் என்று எழுத்தில் கொடுத்தால் தாராளமாகச் சேரலாம்.

சர்ஃபிங் சொல்லிக் கொடுத்தே பிழைக்கலாமே என்பது எல்லோருக்கும் வருகிற ஆசை. சென்னை பக்கம் கோவளம், மாமல்லபுரம், கேரளத்தில் வர்க்கலை போன்ற இடங்களில் அது நடக்கிறது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே நடந்தது, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்த ஊர்களில் கற்றுக்கொள்ள வருகிற கூட்டம் இருக்கிறது. நம் பக்கம் வருகிறவர் முக்கடல் பார்க்கிறார், படகு ஏறி விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் போகிறார், பத்மநாபபுரம் அரண்மனை பார்க்கிறார், அடுத்த நாள் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். மூன்று நாள் தங்கி போர்டு பழகுகிறவர் அபூர்வம். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: சொல்லிக் கொடுக்கிறவர் நல்ல அலையில் தான் ஏறுவதில்லை, இடுப்பளவு தண்ணீரில் நின்று மற்றவர் போர்டைத் தள்ளிக்கொண்டிருப்பார். அது பிடித்தால் அருமையான வேலை. முறையான பயிற்சியும் முதலுதவியும் நீரில் மூழ்குபவரை மீட்கும் பழக்கமும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

சரி, என்னதான் செய்வது? மதியத்துக்கு மேல் தொடங்குகிற வேலை வேண்டும். நான் ஐரோப்பாவில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து டிராயிங் வரைந்து கொடுக்கிறேன். ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம். அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது நாலரை மணி நேரமாகிவிடும். அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் நமக்கு மதியம் ஒன்றரை. கடல் நன்றாக இருக்கிற மாதங்களில் அவர்களே நமக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறார்கள்! அமெரிக்க ஷிப்ட் அப்படி இல்லை. மூன்று மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்து கடலில் இறங்குவது ஒரு வாரத்துக்குத்தான் முடியும். தூக்கக் கலக்கத்தோடு, நீவாடு என்கிற நீரோட்டம் இழுக்கிற கடலில் இறங்குவது ஆபத்தும்கூட.

கம்ப்யூட்டர் வேலை தெரியாதவர்களுக்கும் மாலை நேரம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே அதிகமாக, 91.75 சதவீதம் படிப்பறிவு என்று வந்த மாவட்டம் இது. பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பாத வீடு குறைவு. நர்சிங் முடித்து வெளிநாடு போக ஆங்கிலமோ ஜெர்மனோ படிக்கிற பெண்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை உட்கார்ந்து நன்றாகச் சொல்லிக் கொடுத்தால் வாடகையும் சாப்பாடும் ஓடிவிடும்.

ஆனால் எனக்குப் பிடித்த வேலை மூன்றாவது ஒன்று. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடல் அரிப்பைத் தடுக்க இந்தக் கரை முழுக்கத் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள், கடலுக்குள் நீட்டிக் கொட்டிய பெரிய பெரிய பாறைகள். சில இடங்களில் அதன் ஓரமாக மணல் சேர்ந்து அலை அழகாக உடையும், அங்கேதான் போர்டும் உடையும். அப்படி ஓரம் பிளந்த என் போர்டை எடுத்துக்கொண்டு போன இடம், ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுகிற ஒரு பட்டறை. அங்கே இருந்த அண்ணன் வாழ்க்கையில் சர்ஃப் போர்டைத் தொட்டதில்லை. போர்டைத் திருப்பிப் போட்டு, பிளவைச் சுற்றிப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் விரலை எடுத்ததும் பிளவில் துளித் தண்ணீர் கசிந்தது. "மக்கா, உப்புத் தண்ணி நல்லா குடிச்சிருக்கு. காயாம ஒட்டுனா உள்ள அழுவிப்போவும்" என்றார். வள்ளத்துக்கும் அதேதான் விதி. நிழலில் நாள்கணக்கில் காயவைத்து, கிரைண்டரால் ஓரத்தைத் தேய்த்துச் சரிவாக்கி, ஃபைபர் மேட்டை வெட்டி வைத்தார். ரெசின் என்கிற ஒட்டுப் பசையை ஊற்றும் முன், போர்டின் உள்ளிருந்து ஓரத்தில் உதிர்ந்த ஒரு துண்டு ஃபோமில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். அந்த வெள்ளை ஃபோம், வெந்நீரில் போட்ட வெல்லம் மாதிரி கரைந்து உள்ளே போய்விட்டது. வள்ளத்துக்கு ஊற்றுகிற பாலியெஸ்டர் ரெசின் தெர்மோகோல் வகை ஃபோமைத் தின்றுவிடும், அந்த போர்டுக்கு எபாக்ஸி ரெசின்தான் வேண்டும். பழைய மாதிரி பாலியூரிதேன் ஃபோம் போர்டு என்றால் பட்டறையில் இருக்கிற ரெசினே போதும். நான் எபாக்ஸி வாங்கி வந்தேன், அவர் ஒட்டினார், நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அப்படியே அங்கே வேலைக்காரனாகவும் ஆகிவிட்டேன்.

இந்த வேலையின் அருமை அதன் காலத்தில் இருக்கிறது. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். குமரி மாவட்டத்துக்கு அது இரண்டு தடவை வரும். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் சேரும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது அப்போதுதான். தடை இல்லாத வள்ளங்களும் கடல் கொந்தளிக்கிற நாட்களில் மணலில் கிடக்கும், அவற்றுக்கும் அப்போதுதான் ஒட்டுப் போடுவார்கள். அந்த மாதங்களில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பகல் இரவு பார்க்காமல் அடிக்கும், அலை பெரிதாகவும் கலங்கலாகவும் வரும், போர்டை எடுத்துக்கொண்டு போகவே மனம் வராது. கடல் நம்மை வெளியே தள்ளுகிற காலத்தில் பட்டறையில் வேலை குவிகிறது. ஆகஸ்ட் வரை உழைத்துச் சேர்த்தால் தை மாசி மாதங்களில் கொஞ்சம் மூச்சு விடலாம். ஃபைபர் தூள் பட்டு உடம்பு அரிக்கும், முழுக்கைச் சட்டையும் நல்ல மாஸ்க்கும் இல்லாமல் கிரைண்டர் பக்கம் போகக் கூடாது. ரெசின் வாடை தலைவலி கொடுக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பட்டறையில் கிடைத்தது கூலி மட்டும் இல்லை, ஊரும்தான். கடற்கரை ஊர்களில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் முதலில் பங்குத்தந்தையையும் ஊர் கமிட்டியையும் பார்க்கச் சொல்வார்கள், அது நியாயமானது. யாரோ ஒருவன் வந்து தினமும் கடலில் விளையாடிவிட்டுப் போகிறான் என்பது அவர்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் போன உயிர்கள், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள், எல்லோரும் இந்தத் தெருக்களின் வீடுகளில் படமாகத் தொங்குகிறார்கள். அந்த வீட்டைத் தாண்டித்தான் நான் போர்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். பார்த்தால் நின்று பேச வேண்டும், எங்கே இறங்குகிறோம் என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும். கரையில் நின்று இழுக்கிற கரமடி வலையை வளைத்திருக்கும்போது அந்தப் பக்கமே போகக் கூடாது. வள்ளம் கரை பிடிக்கிற வழியில் அலைக்காகக் காத்துக் கிடப்பது பெரிய தப்பு. என்ஜினை முழு வேகத்தில் வைத்து அலையோடு அலையாக வருகிறவரால் உங்களுக்காகத் திருப்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை இவர்கள் கடலுக்குப் போவதில்லை, அன்று பிள்ளைகள் கரையில் பந்து விளையாடுவார்கள். அந்தக் காலையில் நிதானமாகப் பேசிப் பழகலாம்.

கள்ளக்கடல் பற்றித் தெரியாமல் இங்கே யாரும் இறங்க வேண்டாம். காற்று இல்லை, மழை இல்லை, வானம் தெளிவாக இருக்கும், திடீரென்று கடல் ஏறிவரும். தூரத்துப் புயலின் அலை அது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் மூழ்கி இறந்தது அப்படியான ஒரு நாளில்தான், எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் எச்சரிக்கையை இறங்கும் முன் பார்க்க வேண்டும். அதற்கு மேல், கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் "காத்து திரும்பிட்டு மக்கா, கரையேறு" என்றால் மறுபேச்சு இல்லாமல் ஏறிவிட வேண்டும். நான் ஏறிவிடுகிறேன்.

சின்னச் சின்ன விஷயங்கள். நீளமான போர்டை பஸ்ஸில் ஏற்ற முடியாது, வெல்டிங் கடையில் சொல்லி ஸ்கூட்டர் பக்கவாட்டில் கம்பி வளைத்து மாட்டிக்கொள்ளுங்கள், கம்பி மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டால் போர்டு கீறாது. வீட்டைக் கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடியுங்கள், உப்புக்காற்றில் லேப்டாப்பின் போர்ட்டெல்லாம் பச்சை பிடித்துவிடும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் இன்வெர்ட்டரும் இரண்டாவது இணைய இணைப்பும் இல்லாமல் மழைக்காலத்தைத் தாண்ட முடியாது.

முதலில் ஜனவரியில் ஒரு மாதம் வந்து தங்கிப் பாருங்கள், இருக்கிற வேலையை மதியத்துக்கு மாற்ற முடியுமா என்று உங்கள் மேலாளரிடம் அதற்கு முன்பே கேட்டுவிட்டு வாருங்கள். கையால் வேலை செய்ய மனம் இருந்தால் மே மாத நடுவில் வந்து சேருங்கள், ஜூன் பிறந்ததும் பட்டறையில் கிரைண்டர் பிடிக்க ஆள் தேடுவார்கள்.