கோலி சோடா பாட்டிலுக்கு விலை பேசிய கதை

பழைய கண்ணாடி பாட்டில் ஒன்று கைக்கு வந்திருக்கிறது என்று வாய் திறந்து சொன்னால் போதும், அதுவரை கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியிராத உறவினர்கள்கூட அதன் வயதையும் விலையையும் கணித்துச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். வயது என்றால் நூறு ஆண்டுகளுக்குக் குறைந்து யாரும் சொல்வதில்லை. விலை என்றால் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டும் தொகைக்குக் குறைந்து சொல்வதில்லை. என்னிடம் வந்த பாட்டில், உறவினர் ஒருவர் தம் பழைய வீட்டைக் காலி செய்தபோது, "உனக்குத்தான் இந்தக் கண்ணாடிப் பைத்தியம் இருக்கிறதே" என்று மருந்துப் புட்டிகளோடும் மைக்கூடுகளோடும் ஒரே பெட்டியில் போட்டு என் தலையில் கட்டியது. நான் பெரிய சேகரிப்பாளர் அல்ல. சன்னல் ஓரத்துப் பலகையில் வெயில் ஊடுருவும்படி நாலைந்து புட்டிகளை நிறுத்தி அழகு பார்ப்பதோடு என் ஆராய்ச்சி முடிந்துவிடும். அந்தப் பலகையில் நிற்க முடியாத உயரத்தில் இருந்ததால்தான் பெட்டியின் அடியில் கிடந்த அந்தச் சோடா பாட்டிலை விற்றுவிடலாம் என்ற எண்ணமே எனக்கு வந்தது.

இளம் நீலப்பச்சை நிறம், தடித்த கண்ணாடி, கழுத்தை இரு விரல்களால் அமுக்கிவிட்டது போன்ற பள்ளம், அதற்குள் கடகடவென்று உருளும் கோலி: இந்த வகையை வடிவமைத்து 1872இல் காப்புரிமை பெற்றவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். சோடாவை நிரப்பும்போது பாட்டிலைத் தலைகீழாக வைத்திருப்பார்கள். நிமிர்த்துவதற்குள் உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் கோலியை மேலே தள்ளி, வாயின் உட்புறத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். திறக்கும்போது கோலியை உள்ளே அழுத்த வேண்டும். குடிப்பதற்குச் சாய்த்தால் அது மறுபடியும் ஓடிவந்து வாயை அடைத்துவிடாதபடி, கழுத்தில் உள்ள புடைப்புகளில் சிக்கி நின்றுகொள்ளும். மூடி, அடைப்பான், திறப்பான் என எல்லா வேலையையும் ஒரு கோலியிடமே ஒப்படைத்த மனிதரின் அறிவை நான் வியந்துகொண்டிருந்தபோது, என் அண்ணன் மகன் மிகவும் மரியாதையாகக் கேட்டான்: "அத்தை, இது உடைந்தால் அந்தக் கோலி எனக்குத்தானே?"

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு நியாயம் இல்லை. இந்தப் பாட்டில்கள் கோடிக்கணக்கில் தயாரிக்கப்பட்டிருக்க, முழுதாகத் தப்பியவை அவ்வளவு அதிகம் இல்லாமல் போனதற்கு அவனைப் போன்ற பிள்ளைகளும் ஒரு காரணம். வாயைவிடக் கோலி பெரியது என்பதால், அதை எடுக்க வேண்டுமானால் பாட்டிலை உடைத்தே தீர வேண்டும். உலகெங்கும் பிள்ளைகள் அதைத்தான் செய்தார்கள். அன்று முதல் பாட்டில் பீரோவின் மேல்தட்டுக்கு ஏறியது.

வயதைக் கணிப்பதில் முதலில் இறங்கியவர் என் பெரியப்பா. அவரிடம் திருகுமூடி போட்ட ஊறுகாய் ஜாடி ஒன்று இருக்கிறது. அதன் மேல் 1858 நவம்பர் 30 என்று ஆங்கிலத்தில் புடைப்பெழுத்தில் வார்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே அந்த ஜாடி அந்தத் தேதியில் பிறந்தது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. "கண்ணாடியே எழுதி வைத்திருக்கிறது, இதில் யோசிக்க என்னம்மா இருக்கிறது?" என்றார். அந்தத் தேதி, ஜான் லாண்டிஸ் மேசன் என்ற அமெரிக்கர் திருகுமூடி ஜாடிக்குக் காப்புரிமை பெற்ற நாள் என்பதையும், அந்த வரிக்கு இருந்த நல்ல பெயருக்காக அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் பற்பல நிறுவனங்கள் அதையே தங்கள் ஜாடிகளில் வார்த்துக்கொண்டிருந்தன என்பதையும் நான் இயன்ற வரை மென்மையாகச் சொன்னேன். கையால் ஊதிச் செய்த அக்கால ஜாடிகளின் வாய்விளிம்பு தேய்த்துச் சமன் செய்யப்பட்டதால் சொரசொரப்பாக இருக்கும் என்றும், அவருடையது விரல் வழுக்கும்படி மழமழவென்று இருப்பதால் இயந்திரத்தில் செய்தது என்றும் தொடர்ந்தபோது, அவர் ஜாடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அன்றைக்கே செய்திருக்க மாட்டார்கள் என்பதற்கு உன்னிடம் சாட்சி இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதற்குமேல் நான் வாதாடவில்லை.

என் பாட்டிலைப் பொறுத்தவரை, வார்ப்பு அச்சின் இணைப்புக் கோட்டைத்தான் முதலில் தேடினேன். பக்கவாட்டில் ஏறிவரும் அந்தக் கோடு வாய்விளிம்பையும் கடந்து உச்சி வரை போனால், பெரும்பாலும் அது முழுக்க இயந்திரத்தில் செய்தது என்று கொள்ளலாம். மைக்கேல் ஓவன்ஸ் தம் தானியங்கி பாட்டில் இயந்திரத்துக்கு 1904இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் அத்தகைய பாட்டில்கள் பெருகின. கோடு விளிம்புக்குக் கீழே மறைந்துவிட்டால், வாயைத் தொழிலாளி ஒருவர் கருவியால் தனியாகத் திருத்தியிருக்கிறார் என்று பொருள். என்னுடையதில் கோடு கீழேயே மறைந்திருந்தது. கோடு எவ்வளவு கீழே நிற்கிறதோ அவ்வளவு பழையது என்றும் சிலர் அளவுகோலை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அதை நம்ப வேண்டாம், அது செய்தவரின் கைப்பழக்கத்தைத்தான் காட்டும். அடிப்பாகத்தில் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிரித்த கரடுமுரடான வடு இருந்தால் ஏறக்குறைய 1860களுக்கு முற்பட்டது என்று மகிழலாம், ஆனால் காட் காப்புரிமை பெறுவதற்கு முன்பே செய்யப்பட்ட காட் பாட்டில் என்று யாரும் எதிர்பார்க்க முடியாதல்லவா? உண்மையில் எனக்கு உதவியது, பக்கவாட்டில் புடைத்திருந்த சோடா நிறுவனத்தின் பெயரும் ஊரின் பெயரும்தான். பழைய வணிகக் கையேடுகளில் அந்த நிறுவனம் எந்தக் காலத்தில் அந்தப் பெயரோடு இயங்கியது என்று பார்த்தால், பாட்டிலின் வயது தானே அகப்பட்டுவிடுகிறது. என் பாட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. முன்பணம் கட்டக் காத்திருந்த உறவினர்கள் இதைக் கேட்டுச் சற்று வாடினார்கள்.

இதற்கிடையில், புற ஊதா ஒளியில் பார்த்தால் பழைய கண்ணாடி பச்சையாக ஒளிரும் என்று எங்கோ படித்துவிட்டு, அதற்கான டார்ச் ஒன்றையும் வாங்கினேன். கண்ணாடியில் இரும்பின் மாசால் வரும் பச்சையை நீக்கி நிறமற்றதாக்க அக்காலத்தில் மாங்கனீசு சேர்த்தார்கள். அத்தகைய கண்ணாடிதான் அந்த ஒளியில் மங்கலான பச்சையாகத் தெரியும், நெடுங்காலம் வெயிலில் கிடந்தால் இளம் ஊதா நிறமும் பெறும். என் பாட்டில் நிறத்தை நீக்க யாரும் மெனக்கெடாத இயற்கை நீலப்பச்சை. ஆகவே இருட்டறையில் டார்ச்சைப் பாய்ச்சியபோது அது இருந்த இடமே தெரியவில்லை. மாறாக, சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டும் பொருளின் தயவால், கொடியில் தொங்கிய என் கணவரின் சட்டைகள் எல்லாம் நீல வெண்மையில் சுடர்விட்டன. "இவற்றை ஏலத்துக்கு விடலாமா?" என்று அவர் கேட்டார். சந்தையில் கத்தரிப்பூ நிறத்தில் அடர்ந்து தெரியும் பாட்டில்களைப் பற்றியும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: வெயில் தரும் ஊதா பெரும்பாலும் மெல்லியது. கதிர்வீச்சில் வைத்துச் செயற்கையாக நிறமேற்றும் வழக்கம் இருப்பதால், அளவுக்கு மீறிய ஊதாவைக் கண்டால் விவரம் தெரிந்தவர்கள் விலகிப் போய்விடுவார்கள்.

பாட்டிலின் உட்புறத்தில் பால் படிந்தது போன்ற மங்கல் இருந்தது. அதைப் போக்க ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்; கொதிக்கும் நீரை ஊற்றச் சொன்னவரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை என்றாலும், திடீர் வெப்பத்தில் பழைய கண்ணாடி விரிசல் விட்டுவிடும் என்பதால் அவரைப் பாட்டிலின் அருகில் விடவில்லை. வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் அழுக்கை எடுத்துவிடும். ஆனால் மண்ணுக்குள் ஈரத்தில் கிடந்த கண்ணாடியின் மேற்பரப்பே அரித்து மாறியிருந்தால், அந்த மங்கல் எந்தச் சோப்புக்கும் போகாது. செம்புக் கம்பித் துணுக்குகளையும் மெருகுத்தூளையும் உள்ளே போட்டு இயந்திரத்தில் நாள்கணக்கில் உருட்டித்தான் மெருகேற்ற வேண்டும். அதைத் தொழிலாகவே செய்பவர்கள் இருக்கிறார்கள். அத்துடன், கோலி பாட்டிலுக்குள் தூரிகையை நுழைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் ஹைரம் காட் மீது நான் வைத்திருந்த மரியாதை எவ்வளவு குறைந்தது என்பது புரியும். கழுவிய பிறகும் மங்கல் அப்படியே இருந்தது. அதை அப்படியே விட்டு, விவரத்தில் ஒளிக்காமல் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

விலைக்கு வருவோம். இணையத்தில் என் பாட்டிலைப் போன்ற ஒன்றுக்கு ஒருவர் கேட்டிருந்த தொகையைக் கண்டதும் என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் உட்கார்ந்துவிட்டார். கேட்கும் விலை என்பது விற்பவரின் ஆசை, விற்று முடிந்த விலை என்பதுதான் சந்தை என்று நான் விளக்கி, முடிந்துபோன விற்பனைகளை மட்டும் காட்டும்படி பட்டியலை மாற்றியதும், தொகையில் ஒரு சுழியம் காணாமல் போனது. அவரும் நாற்காலியோடு பழைய இடத்துக்குத் திரும்பினார். நீலப்பச்சைக் காட் பாட்டில் எளிதில் கிடைப்பது. அதே வடிவம் கோபால்ட் கலந்த அடர்நீலத்திலோ, வாய்ப்பகுதி மட்டும் வேறு நிறத்திலோ இருந்தால்தான் சேகரிப்பாளர்கள் ஒருவரையொருவர் முந்துவார்கள். வயதைக் கண்டுபிடிக்க நான் அவ்வளவு பாடுபட்டிருந்தேன், விலையோ வயதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. நிறம், குறைபாடு, புடைப்பெழுத்து, அதை விரும்பும் ஆள் ஆகியவற்றைத்தான் அது கேட்டது. போதாததற்கு, இந்த வடிவப் பாட்டில்கள் இன்றும் புதிதாகத் தயாரிக்கப்படுவதால், அடிப்பாகத்தில் பல திசைகளிலும் ஓடும் இயல்பான தேய்மானக் கீறல்களைப் படம் பிடித்துக் காட்டினால்தான் பழையது என்றே நம்புவார்கள்.

ஓர் ஏல நிறுவனத்துக்குப் படங்களை அனுப்பியபோது, "தாங்கள் விரும்பினால் இதை வேறு சில பாட்டில்களோடு சேர்த்து ஒரே தொகுதியாக விடுகிறோம்" என்று மிகப் பணிவாகப் பதில் வந்தது. பொழிப்புரை: தனியாக விட்டால் சுத்தியல் தட்டும் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாது. விற்பவரிடம் பிடிக்கும் தரகையும் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, நானே விளம்பரம் கொடுத்தேன்.

வந்த விசாரணைகளை முழுதாக எழுதினால் இந்தப் பதிவு முடியாது. ஒருவர், விளக்கு செய்வதற்காக அடியில் துளை போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். இன்னொருவருக்கு, அலமாரியின் இருபுறமும் வைப்பதற்காக அதே மாதிரி இரண்டு வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றதும், அப்படியானால் பாதி விலைக்குத் தருவீர்களா என்றார். மற்றொருவர், எல்லாப் படங்களிலும் பளிச்சென்று தெரிந்த கோலியைப் பற்றி, "கோலி சேர்த்தா, தனியா?" என்று கேட்டிருந்தார். அவருக்கு என் அண்ணன் மகனின் முகவரியைக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

கடைசியாக வந்தவர் வேறு ரகம். பாட்டிலின் மேல் எழுதியிருந்த ஊரின் சோடா பாட்டில்களை மட்டுமே சேகரிப்பவர். அந்த நிறுவனத்தின் பாட்டில்களில் இந்த ஒன்று மட்டும் அவரிடம் இல்லை. என்றாலும் அதைச் சொல்வதற்கு முன்பு அவர் மங்கலைப் பற்றி வருத்தப்பட்டார். தோள்பகுதியில் நான் கவனித்தேயிராத, பிறை வடிவச் சிறு அடிபட்ட வடுவைப் படத்திலேயே கண்டுபிடித்தார். ஓர் எழுத்து சற்றே மழுங்கியிருப்பதாகத் தெரிவித்தார். இத்தனை குறைகள் கொண்ட பொருளை இவர் ஏன் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று யோசித்தபோதுதான், விலையைப் பெரிதாகக் குறைக்கத் தேவையில்லை என்பது எனக்குத் தெளிவாயிற்று. வடுவுக்காகச் சிறிது குறைத்தேன், மங்கலுக்காகக் குறைக்கவில்லை. உடனே ஒப்புக்கொண்டார். அவ்வளவு உடனே ஒப்புக்கொண்டது இன்றுவரை என் தூக்கத்தைச் சற்றுக் கெடுக்கிறது.

குமிழித்தாளில் பலமுறை சுற்றி, ஒரு பெட்டியில் அசையாமல் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் நாற்புறமும் பஞ்சு திணித்து வைத்து அனுப்பினேன். கோலி கழுத்துக்குள் ஆடாமலிருக்க என்ன செய்வது என்பதற்கு அவரே தனியாக ஒரு பக்க அளவுக்கு வழிமுறை எழுதி அனுப்பியிருந்தார். பாட்டில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை என் கணவர் நோட்டை எடுத்து, பெட்டிகள், குமிழித்தாள், அஞ்சல் செலவு, சேதக் காப்பீடு என்று ஒவ்வொன்றாகக் கழித்து வந்து, டார்ச்சில் நிறுத்தினார். அதைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. கழிக்காவிட்டால் நல்ல லாபம். "இதைச் செலவில் எழுதட்டுமா, சொத்தில் எழுதட்டுமா?" என்று கேட்டார். சொத்தில் எழுதச் சொன்னேன்.