நான்தான் குடுத்தேன்

ஆயாவின் பென்ஷன் பணம் அவர் விருப்பத்துக்கு மாறாக எடுக்கப்பட்டதா? விஷயம் முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது. நான் அறிக்கையில் 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆயாவோ என் முகத்துக்கு நேரே 'இல்லை' என்றார்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில், முதியவர்களின் வீடுகளுக்குப் போய்வரும் என்னைப் போன்ற சமூகப் பணியாளர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. பார்வை போன ஆயா, கூட இருக்கும் பேரன், அவன் கையில் கார்டும் பின் நம்பரும். வேலை போனதும் அவன் கடன் வாங்கினான், மஷோனிசா, அதாவது உரிமமில்லாமல் வட்டிக்கு விடுபவர், கார்டைப் பிடித்து வைத்துக்கொண்டார். அந்தப் பகுதி சுலபம். கடனுக்கு ஈடாக வங்கி அட்டையையும் பின் நம்பரையும் வைத்திருப்பது 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி குற்றம். அதை எடுத்துச் சொன்னதும் கார்டு வந்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்த பேச்சுதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

"பின் நம்பரை ஏன் ஆயா அவன்கிட்ட சொன்னீங்க?"

"பேங்க்ல யாருக்கும் சொல்லாதேன்னுதான் சொன்னாங்க. கண்ணு தெரியாதவ வேற எப்படி எடுக்கிறது?"

"நீங்க சொன்னதுக்கு மேலயும் எடுத்திருக்கானே, தெரியுமா?"

"தெரியும். நான்தான் குடுத்தேன். கேட்டா போயிடுவான்."

முதல் பதிலுக்கு இன்றைக்கும் என்னிடம் மறுமொழி இல்லை. பின் நம்பரைத் தானே சொல்லிவிட்டவருக்குப் பணம் போனால், வங்கி பொறுப்பேற்க மறுப்பது வழக்கம். பார்வையற்றவர் அந்த விதியை மீறாமல் எப்படிப் பணம் எடுப்பார்? கடை கவுண்டரில் எடுத்தாலும், ரசீதை ஒருவர் வாசித்துக் காட்டத்தான் வேண்டும். மனநிலை தவறியிருந்தால் உயர் நீதிமன்றம் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கலாம். ஆயாவுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது. போன வருஷத்து மின்கட்டணத்தைக்கூட மாதவாரியாகச் சொல்வார். அப்படிப்பட்டவருக்குச் சட்டம் அவருடைய வாய்ச்சொல்லைத்தான் நம்புகிறது, அதுதான் சரி என்றும் நினைக்கிறேன்.

பிறகு ஏன் அவர் சொல்லை மீறி எழுதினேன்? 2006-ஆம் ஆண்டின் முதியோர் சட்டம், தொழில்முறையில் முதியவரோடு பழகுகிறவர், பாதுகாப்புத் தேவை என்று நேரில் கண்டு முடிவுக்கு வந்தால் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. பென்ஷனை விருப்பத்துக்கு மாறாக எடுப்பதும் அதில் அடக்கம். 'கேட்டா போயிடுவான்' என்ற பயத்தில் கொடுத்ததை விருப்பம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? மருந்து வாங்கக் காசில்லாமல் அக்கம்பக்கத்தில் கை நீட்டிய ஒருவரின் சம்மதம் அது. நம்பிக்கைக்குரிய உறவுக்குள் நடக்கும் தீங்கையும் அந்தச் சட்டம் கொடுமை என்றே வகைப்படுத்துகிறது. எழுதாமல் இருந்திருந்தால் நான் என் வேலையைச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆனாலும், பயம் கலக்காத விருப்பம் அந்த வயதில் யாருக்கு இருக்கிறது? வீட்டை மகன் பெயருக்கு எழுதிவைக்கிற தாத்தாக்களை நான் கேள்வி கேட்பதில்லை. அவர்களுக்குள்ளும் அதே பயம் இருக்கும். ஆயா ஏழை, பேரன் வேலையில்லாதவன் என்பதால்தான் என் பேனா அவ்வளவு வேகமாக ஓடியதோ என்ற சந்தேகம் அவ்வப்போது வரும். உடனே, காலியான மாத்திரை டப்பாவை நினைத்துக்கொள்வேன். சந்தேகம் போய்விடும், பிறகு மறுபடி வரும்.

சமூக நல இலாகாவிலிருந்து ஆள் வந்து விசாரித்தார்கள். பேரன் யாரும் சொல்லாமலே வீட்டை விட்டுப் போய்விட்டான். ஆயாவுக்குப் புதுக் கார்டு, புது நம்பர். இப்போது பக்கத்து வீட்டு அக்கா கூடப் போகிறார். நல்ல மனுஷிதான், ரசீதையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைக்கிறார். மருந்து தவறுவதில்லை. ஆனால் புது நம்பரும் இன்னொருவர் மனசில்தான் இருக்கிறது. ராத்திரியில் ஆயாவோடு வீட்டில் இருக்க ஆளில்லை.

போன வாரம் ஆயா கேட்டார். பேரன் திரும்பி வர விரும்புகிறானாம். சட்டம் தடுக்குமா என்றார். அவனைத் தடுக்கும் உத்தரவு எதுவும் இப்போது இல்லை என்றேன். அப்படியானால் அவனிடம் நம்பரைச் சொல்லலாமா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.