சாளைக்கு ஆண்டு குறிக்கும் ஊர்

எங்கள் குளச்சலில் சாளை மீனுக்குப் பெரிய மரியாதை கிடையாது. விருந்தாளி வந்தால் நெய்மீன். வீட்டு ஆட்கள் மட்டும் என்றால் சாளையும் மரச்சீனிக்கிழங்கும். அதே சாளையை டின்னில் அடைத்து, மூடியில் பிடித்த ஆண்டை அச்சடித்து, திராட்சை மதுவைப் போல வருடக்கணக்கில் அலமாரியில் முதிரவிடும் ஓர் ஊரில் மூன்று வருடமாகக் குடியிருக்கிறேன். ஊரின் பெயர் துவார்னெனே. பிரான்சின் மேற்குக் கோடியில், பிரிட்டனியில் இருக்கிறது. பாரிஸிலிருந்து அதிவேக ரயில் கெம்பேர் வரை வரும், அங்கிருந்து பஸ். என் கணவருக்கு கெம்பேரில் வேலை, எனக்குக் கடல் வேண்டும் என்று பிடிவாதம். அப்படி அமைந்த ஊர் இது.

நம் சாளையும் இந்த ஊர் சார்தீனும் ஒரே மீன் அல்ல, ஒன்றுவிட்ட பங்காளிகள் என்று சொல்லலாம். ஆனால் வாசனை ஒன்றுதான். முதல் முறை மூடுசந்தைக்குள் நுழைந்தபோது அந்த வாசனைக்கே கால்கள் தாமாக நடந்தன. மீன்காரரிடம் நேராகப் போய், மனப்பாடம் செய்து வைத்திருந்த பிரெஞ்சில் "அரைக் கிலோ சார்தீன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கத்தியைத் துடைத்தார், எனக்குப் பின்னால் நின்றவரிடம் "போன்ஜூர்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நிறத்தைப் பார்த்துத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து புலம்பியபோது பக்கத்து வீட்டு மதாம்தான் சிரித்தார். "நீ போன்ஜூர் சொன்னாயா?" சொல்லவில்லை. இங்கே கடைக்குள் கால் வைத்ததும் முகமன் சொல்லாமல் பொருளைக் கேட்பது, நம் ஊரில் ஒருவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைவது மாதிரி. மறுநாள் போன்ஜூர் சொன்னேன். அதே மனிதர் குடலை எடுத்துத் தரட்டுமா, தலை வேண்டுமா என்று கேட்டு, எடைக்கு மேல் இரண்டு மீனும் போட்டார்.

நேரம்தான் அடுத்த தொல்லை. பன்னிரண்டு மணிக்குக் கடைகள் சாத்தினால் இரண்டு மணிக்குத்தான் திறக்கும். எங்கள் தெரு பேக்கரிக்குத் திங்கள் விடுமுறை. எனக்கு ரொட்டி தேவைப்படுவதும் திங்கட்கிழமையாகத்தான் இருக்கும். தங்கும் அனுமதிக்காக ஓர் அலுவலகத்துக்கு ஒரே காகிதத்தை மூன்று முறை அனுப்பிய கதையை இங்கே சொல்லப் போவதில்லை. சாப்பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு எதற்கு வயிற்றெரிச்சல்?

வெண்ணெய் இல்லாமல் இந்த ஊரில் எதுவும் நடக்காது, அதுவும் உப்பு போட்ட வெண்ணெய். பழைய பிரான்சில் மன்னருக்கு உப்பு வரி கட்ட வேண்டும். பிரிட்டனிக்கு மட்டும் விலக்கு இருந்தது. உப்பு மலிவாகக் கிடைத்ததால் வெண்ணெயில் தாராளமாகப் போட்டார்கள். வரி ஒழிந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நாக்கு மாறவில்லை. உப்பில்லாத வெண்ணெய் வாங்கினால் கடைக்காரப் பெண் "உடம்புக்கு என்ன?" என்பது போலப் பார்ப்பார்.

அந்த வெண்ணெயின் உச்சம் குயின் அமன். பிரிட்டனியின் சொந்த மொழியான பிரெத்தோனில் குயின் என்றால் கேக், அமன் என்றால் வெண்ணெய். இந்த ஊரில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்தது என்பதில் ஊர்க்காரர்களுக்கு மறுபேச்சு கிடையாது. ரொட்டி மாவைத் தட்டி, மேலே வெண்ணெயையும் சர்க்கரையையும் பரப்பி, நம் பரோட்டா போல மடித்து மடித்துச் சுடுகிறார்கள். மாவு நான்கு பங்கு என்றால் வெண்ணெய் மூன்று, சர்க்கரை மூன்று. அடுப்பில் சர்க்கரை உருகி அடியில் கண்ணாடி மாதிரிப் படியும். சூடாக வாங்கி வந்தால் காகிதம் எண்ணெய்த் தாளாகிவிடும். ஒரு துண்டுக்கு மேல் சாப்பிடக் கூடாது. நான் இரண்டு சாப்பிடுவேன்.

தோசைக்கு ஏங்கும் நாளில் கைகொடுப்பது கறுப்பு கோதுமை கலெத். பெயரில்தான் கோதுமை, உண்மையில் அது கோதுமை இனமே அல்ல. மாவைக் கரைத்து சில மணி நேரம் ஊறவிட்டு, பிலிக் என்னும் வட்ட இரும்புக் கல்லில் ஊற்றி, ரோசெல் என்னும் மரக்கட்டையால் ஒரே சுழற்சியில் தேய்க்கிறார்கள். நாம் கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே சுற்றுவோம்; இவர்கள் மணிக்கட்டைத் திருப்பியே முழுக் கல்லையும் மூடிவிடுகிறார்கள். எனக்கு இன்னும் கைவரவில்லை. என் கலெத்துக்கு எப்போதும் ஒரு வால் இருக்கும். தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணத்தில் லே ரிபோ வைப்பார்கள். முதல் மடக்கிலேயே கண்டுகொண்டேன்: மோர். கொஞ்சம் கெட்டியான, இஞ்சி கறிவேப்பிலை இல்லாத மோர்.

மதாமுக்கு எண்பதைத் தாண்டிய வயது. கடல் வற்றும் நாட்களில் அவர்தான் என்னை மணலுக்கு இழுத்துப் போவார். குளச்சலில் கடல் ஏறி இறங்குவதைக் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். இங்கே பெரிய ஓத நாளில் ஆறு மீட்டர் வரை இறங்கி, படகுகளைச் சேற்றில் சாய்த்துவிட்டுப் போய்விடும். ஓதம் எவ்வளவு பெரியது என்று காட்ட ஒவ்வொரு நாளுக்கும் இருபதிலிருந்து நூற்றிருபது வரை ஓர் எண் உண்டு. அது நூறைத் தாண்டினால் ஊரே வாளியும் ரப்பர் பூட்சுமாகக் கிளம்பும். ஈர மணலில் சாவித்துவாரம் போல ஒரு குழி தெரியும். மதாம் அதில் ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போடுவார், பேச வேண்டாம் என்று சைகை காட்டுவார். குழிக்குள் நீர் கொப்பளிக்கும். பிறகு சவரக்கத்தி போன்ற நீளச் சிப்பி ஒன்று, யார் கதவைத் தட்டியது என்று பார்ப்பது போல மெல்ல மேலே வரும். உடனே பிடுங்கினால் அறுந்துவிடும். பிடித்தபடி காத்திருந்து, அது தளரும்போது இழுக்க வேண்டும். முதல் நாள் என் கையில் வந்ததெல்லாம் பாதிச் சிப்பிகள். மதாமின் பையில் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலும் இருக்கும். சட்டம் சொல்லும் அளவுக்குக் குறைந்த சிப்பியைத் திரும்ப மணலில் வைத்துவிடுவார்.

ஒரு முறை திரும்பும் வழியில் பிளோமார்க் குன்றுப் பாதையில் ரோமானியர் காலத்துக் கல்தொட்டிகளைக் காட்டினார். மீனையும் உப்பையும் அடுக்கிப் புளிக்கவைத்துச் சாறெடுத்த தொட்டிகள். ஏறத்தாழ ஈராயிரம் வருடப் பழமை. எனக்கு எங்கள் கடற்கரையின் கருவாட்டுத் தொட்டிதான் கண்ணில் நின்றது.

அங்கே உட்கார்ந்துதான் அவருடைய பாட்டியைப் பற்றிச் சொன்னார். 1853 முதல் இங்கே டின் மீன் ஆலைகள் உண்டு. படகு கரை சேரும் நேரம்தான் வேலை நேரம். நள்ளிரவானாலும் பெண்களைக் கூப்பிட்டு அனுப்புவார்கள், தூக்கம் வராமலிருக்கப் பாடிக்கொண்டே மீன் அடுக்குவார்கள். அவர்களுக்குப் பென் சார்தீன் என்று பெயர், அதாவது சாளைத்தலை. மணிக்கு 80 சாந்தீம் கூலி; நூறு சாந்தீம் ஒரு பிராங்க். 1924 நவம்பரில் 1.25 பிராங்க் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். புத்தாண்டு அன்று, ஆலைக்காரர்கள் வரவழைத்த கூலிப்படை மேயரையே சுட்டது, உயிர் தப்பினார். ஜனவரியில் ஒரு பிராங்க்கோடு வென்று திரும்பினார்கள். அடுத்த தேர்தலில் அந்த ஆலைப் பெண்களில் ஒருவரான ஜோசபின் பான்காலே நகர்மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலம் அது. சில மாதங்களில் அந்தத் தேர்தலைச் செல்லாது என்றார்கள். "பாட்டி சாகும்வரை சார்தீனைத் தொடவில்லை," என்றார் மதாம். "நாற்றம் போதும் என்பார்." மதாம் வீட்டு அலமாரியிலோ ஐந்து வெவ்வேறு ஆண்டு டின்கள் அடுக்கியிருக்கின்றன. எண்ணெய் எல்லாப் பக்கமும் ஊற வேண்டுமாம். சில மாதங்களுக்கு ஒரு முறை தலைகீழாகத் திருப்பி வைக்கிறார்.

போன மாதம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். சாளைக் குழம்பு. கறிவேப்பிலை, பாரிஸ் லா ஷபெலில் ஈழத்தமிழர் கடையில் வாங்கி உறைபெட்டியில் வைத்திருந்தது. தேங்காய்க்குப் பதில் உலர்ந்த துருவலை வெந்நீரில் ஊறவைத்து அரைத்தேன். புளி தீர்ந்திருந்தது. மதாமின் தோட்டத்து ரூபார்ப் தண்டு மேசையில் கிடந்தது. இவர்கள் அதில் சர்க்கரை கொட்டி ஜாம் செய்வார்கள். கடித்தால் மாங்காய் போலப் பல் கூசும். துணிந்து இரண்டு தண்டை நறுக்கிப் போட்டேன். இலையில் விஷம் உண்டு, தண்டு மட்டும்தான். கொதித்துக் கரைந்ததும் கிளிமூக்கு மாங்காய் போட்ட குழம்பின் புளிப்பு அப்படியே வந்தது. மரச்சீனிக்குப் பதில் இந்த ஊர் உருளைக்கிழங்கு.

மதாம் முதலில் முள்ளை மட்டும் எடுத்து ஓரமாக அடுக்கினார். மூன்றாவது கவளத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தன் தோட்டத்துத் தண்டு இதில் இருக்கிறது என்றபோது நம்பவில்லை. கடைசியில் ஒரு துண்டு ரொட்டியால் தட்டை வழித்து, சுத்தமாகத் துடைத்து, வாயில் போட்டு, நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னார்:

"நன்றாக இருக்கிறது. கொஞ்சம் வெண்ணெய் போட்டிருக்கலாம்."